கஜேந்திரன் காரில் ஒன்றரை மணி நேரம்

வந்து சேர்ந்தபோது பத்தரைக்கு இரண்டே நிமிடம். "ராகு காலம் வந்துருச்சு மேடம், வீட்டுக்காரப் பெரியவரு அதுல ரொம்பக் கண்டிஷனு, பன்னெண்டு அடிச்சதும் மேல போயிடலாம்" என்று சொல்லிவிட்டு கஜேந்திரன் வண்டியை வேப்பமரத்தடியில் நிறுத்தி ஏசியை அணைத்தான். வெள்ளிக்கிழமை ராகு காலம் பத்தரைக்கு என்று இவனுக்கு நேற்றுத் தெரியாதா, பிறந்ததிலிருந்து எனக்குத் தெரியும், அதனால்தானே ஒன்பதரைக்கே போய்விடலாம் என்றேன். ஒன்பதரைக்குத்தான் வருவதாகச் சொன்னான். பத்து மணிக்குப் போன் செய்தால் "இதோ உங்க தெருமுனையில திரும்பறேன் மேடம்" என்கிறான், அந்தத் தெருமுனையில் நின்றுகொண்டிருந்தவளே நான்தான், ஒரு மாடு திரும்பியது, ஒரு தண்ணீர் லாரி திரும்பியது, இவன் திரும்பவில்லை. புரோக்கர்களின் தெருமுனை எங்கே இருக்கிறதோ கடவுளுக்குத்தான் வெளிச்சம். ஒன்பது மாதத்தில் ஏழு புரோக்கர்களைப் பார்த்துவிட்டேன், ஏழு பேரும் எப்போதும் திரும்பிக்கொண்டேதான் இருந்தார்கள். "பரவாயில்லை சார்" என்றேன். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவனை சார் என்கிறேன், வாய் கூசவில்லை, கூசிக்கொண்டிருந்த காலம் ஐந்தாவது புரோக்கரோடு போய்விட்டது. முன்சீட்டில் அவன் போனை எடுத்தான். பின்சீட்டில் நான், மடியில் கைப்பை, கைப்பையில் காசோலைப் புத்தகம், அதன் மேல் என் கை. கை வேர்க்கிறது, காசோலை நனைந்துவிடுமோ என்று எடுத்தேன், எடுத்ததும் பயமாக இருந்தது, திரும்ப வைத்துக்கொண்டேன்.

வீடு எதிரேதான் இருக்கிறது, சாலையைக் கடந்தால் கேட். கீழ்த்தளம் எனக்கு, மாடி விற்கிறவர்களுக்கு, மனையில் பாதி என் பெயருக்கு. சுவர் வெளுத்த மஞ்சள், ஜன்னலுக்குப் பச்சைக் கம்பி. பின்பக்கம் ரயில்வே காம்பவுண்டுச் சுவர், குரோம்பேட்டையில் நிற்காத வண்டிகள் கூட அங்கே வந்ததும் ஒரு தரம் ஊதிவிட்டுத்தான் போகின்றன. அந்த ஊதல்தான் எனக்கு இந்த வீட்டைப் பிடித்துப்போகக் காரணம், இதை வெளியே சொன்னால் சிரிப்பார்கள். எல்லோரும் காற்று வருமா, தண்ணீர் வருமா என்று கேட்பார்கள், நான் சத்தம் வருமா என்று பார்த்தேன். என் மகன் பரிதி சந்தோஷம் வந்தால்தான் கத்துவான். அழும்போது சத்தமே வராது, மூலையில் போய் உட்கார்ந்து சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருப்பான், சந்தோஷம் வந்துவிட்டால் இரண்டு கையையும் தட்டிக்கொண்டு அடிவயிற்றிலிருந்து ஒரு கூவல், பக்கத்து வீட்டுப் பாத்திரம் அதிரும். வயது இருபத்தாறு, தாடி வளர்ந்துவிட்டது, மனசுக்கு ஆறு வயது. ஆறு வயதுப் பையன் கத்தினால் கொஞ்சுவார்கள், அதே கத்தலை தாடி வைத்தவன் கத்தினால் போலீசுக்குப் போன் செய்கிறார்கள். நன்மங்கலத்தில் செய்தார்கள். அஸ்தினாபுரத்தில் செய்யவில்லை, அவர்கள் நல்லவர்கள், வீட்டுக்கார அம்மாள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டே காலி செய்யச் சொன்னாள், "எம் மருமக முழுகாம இருக்காம்மா, தப்பா எடுத்துக்காதீங்க" என்றாள். அவன் சந்தோஷப்பட்டால் அந்த மருமகளின் வயிற்றுப் பிள்ளைக்கு என்ன ஆகுமாம், நான் கேட்டேனா, கேட்கவில்லை, சாமான்களைக் கட்டினேன். எட்டு வருஷத்தில் ஐந்து வீடு. பரிதியின் அப்பா இருந்தவரை சண்டையாவது போடுவார், வீட்டுக்காரன் சட்டையைப் பிடிப்பார், பிடித்துவிட்டு அவரே வண்டி வைத்துச் சாமான் ஏற்றுவார். அவரும் போனார், என் சர்வீசும் இந்த மே மாதத்தோடு முடிகிறது, அரசு மருத்துவமனை மருந்துக் கவுண்டரில் முப்பத்து மூன்று வருஷம் எண்ணிக் கொடுத்த மாத்திரைகளுக்கு மொத்தமாக ஒரு தொகை வருகிறது, அதற்கு ஒரு வீடு வேண்டும், அவ்வளவுதான். வாடகைக்குக் குடியிருப்பவனைக் காலி செய்யச் சொல்லலாம், சொந்தக்காரனை யாரால் சொல்ல முடியும்? நான் போன பிறகும் அவனை யாரும் வெளியே போ என்று சொல்ல முடியாத நாலு சுவர். எனக்கு வேறு ஆசை எதுவும் கிடையாது.

"ஆமாண்ணே, ரெஜிஸ்டர் ஆபீஸ்லதான் இருக்கேன், உள்ள கூப்புட்டுட்டாங்க" என்கிறான் கஜேந்திரன் போனில், வேப்பம்பூ ஒன்று அவன் சட்டை மேல் விழுகிறது, தட்டிவிடுகிறான். அடுத்த போனில் செங்கல்பட்டில் இருக்கிறான். அதற்கு அடுத்ததில் ஒரு சாவுக்குப் போயிருக்கிறான், குரலைக்கூடத் தாழ்த்திக்கொண்டான், பாவி, அந்தக் குரலில் உண்மையாகவே ஒரு துக்கம். எனக்குப் பொறுக்கவில்லை, ஆனால் ஒட்டுக் கேட்பதையும் நிறுத்தவில்லை. இவன் என்னைப் பற்றி மற்றவர்களிடம் என்ன சொல்லியிருப்பான்? எல்லா இடத்திலும் இருக்கிற ஆள் எனக்காக எங்கே இருந்திருப்பான்? இவர்கள் தொழிலில் எழுதாத சட்டம் ஒன்று இருக்கிறது, வாங்குகிறவளும் விற்கிறவளும் பேசிக்கொள்ளக் கூடாது. முதல் நாளே சொல்லிவிட்டான், "மேடம், பார்ட்டிகிட்ட டைரக்டா ஒரு வார்த்தை வேணாம், போன் நம்பர் வேணாம், வழியில பாத்தாக்கூட சிரிக்க வேணாம், வீடு புடிச்சிருக்குன்னு மூஞ்சில காட்டவே வேணாம், மீதிய நான் பாத்துக்கறேன்." வீட்டைச் சுற்றிக் காட்டின அன்று நான் உம்மென்று முகத்தை வைத்துக்கொண்டு நடந்தேன், சமையல்கட்டைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினேன், பெரியவரின் மனைவி, கோமளா என்று பெயர், நெற்றியில் பெரிய பொட்டு, "காபி சாப்பிடறீங்களா" என்று கேட்டபோது கஜேந்திரன் எனக்கும் சேர்த்து "வேணாம்மா" என்றான். காபிக்குக்கூட அவனுக்கு இரண்டு பக்கமும் கமிஷன் வேண்டும் போல. வாசலில் இறங்கும்போது திரும்பிப் பார்த்தேன், அந்த அம்மாள் என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அறுந்த வாரைப் பின் ஊசியால் மாட்டியிருந்தேன். அதைப் பார்த்து என்ன நினைத்தாளோ.

மற்ற ஆறு பேரில் ஒருவன் வேறு வீட்டின் படத்தைக் காட்டி வேறு வீட்டுக்கு அழைத்துப் போனான். கேட்டால் "அந்த மாதிரியே கட்டிக்கலாம் மேடம்" என்றான். இன்னொருவன் காரில் ஏறியதும் முதல் கேள்வியாக "நீங்க என்ன ஆளுங்க?" என்றான், "மனுஷ ஆளுங்கதான்" என்றேன், அப்போதெல்லாம் எனக்கு அந்தத் திமிர் இருந்தது, வழியிலேயே அவனுக்கு அவசர வேலை வந்துவிட்டது, என்னை மேம்பாலத்தடியில் இறக்கிவிட்டான். நான்காவது ஆளோடு போனபோதுதான் பரிதியைக் கூட்டிக்கொண்டு போனேன். அவன் வீடு, அவன் பார்க்க வேண்டாமா? பொழிச்சலூரில் புது வீடு, வாசல்படியில் இன்னும் சிமென்ட் வாசம். உள்ளே காலி அறைக்குள் போனதும் அவன் குரல் எதிரொலித்துவிட்டது, அவ்வளவுதான், அவனுக்கு உலகத்தில் அதைவிட வேறென்ன வேண்டும், கையைத் தட்டிக் கூவினான், சுவர் திருப்பிக் கூவியது, இவன் இன்னும் பலமாகக் கூவினான், நானும் சிரித்துவிட்டேன், அத்தனை நாளில் அன்றுதான் சிரித்தேன். திரும்பிப் பார்த்தால் வீட்டுக்காரர் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு நிற்கிறார். நாற்றமா அடித்தது? இரண்டு மணி நேரத்தில் போன் வந்தது, "மேடம், அந்தப் பார்ட்டி பேக் அடிச்சுட்டாங்க, வேற யாரோ டோக்கன் அட்வான்ஸ் குடுத்துட்டாங்களாம்." இரண்டு மணி நேரத்துக்குள் டோக்கன். அடுத்த வீட்டிலும் அப்படியே யாரோ கொடுத்துவிட்டார்கள், நாங்கள் போகிற வீட்டுக்கெல்லாம் அன்றைக்கே கொடுக்க ஒருவன் காத்துக்கொண்டிருந்தான். ஆறாவது ஆள் உபதேசமே செய்தான், "தப்பா நெனைக்காதீங்க மேடம், தம்பி மாதிரி உள்ளவங்களுக்குன்னே ஹோம் இருக்கே, அங்க விட்டுட்டு நீங்க ஒரு சிங்கிள் பெட்ரூம் பாத்துக்கிட்டா செலவும் மிச்சம்." அவனை நான் அறைந்திருக்க வேண்டும். அறையவில்லை. இறங்கும்போது கார் கதவை ஓங்கிச் சாத்தினேன், புடவைத் தலைப்பு உள்ளே மாட்டிக்கொண்டது, திரும்பத் திறக்கச் சொல்லி அவனிடமே கேட்க வேண்டியதாயிற்று. இந்தக் கஜேந்திரன் உபதேசம் எதுவும் செய்யவில்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, பல் குத்திக்கொண்டே, "தம்பிய கூட்டிட்டு வராதீங்க மேடம், முடிஞ்சுது" என்றான். அன்றைக்கு அவனை மனசுக்குள் கரித்துக் கொட்டினேன். அடுத்த நாள் பரிதியைப் பக்கத்துத் தெரு ரெஜினா அக்கா வீட்டில் விட்டுவிட்டுத் தனியாகப் போனேன்.

மணி பதினொன்றேகால். மாடிப் பால்கனியில் கோமளா அம்மாள் வந்து துணி உலர்த்துகிறாள். காரைப் பார்க்கிறாள், என்னைப் பார்க்கிறாள். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு சாலை, இருபது படி. என்ன செய்ய வேண்டும், சிரிக்கலாமா, சிரித்தால் பிடித்திருக்கிறது என்று தெரிந்துவிடும், தெரிந்தால் விலை ஏறிவிடும், ஏறினால் என் கையில் இருப்பது போதாது. குனிந்து கைப்பையில் எதையோ தேடினேன். நிமிர்ந்தபோது அவளும் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒரே துண்டை மறுபடியும் மறுபடியும் உதறிக்கொண்டிருக்கிறாள். அவளுக்கும் இவன் அதையேதான் சொல்லியிருக்கிறான், சிரிக்க வேணாம்மா, அந்தம்மா சரியான கறார், மீதிய நான் பாத்துக்கறேன். இரண்டு கிழவிகளை ஒரு கடன்காரன் இப்படி ஆட்டி வைக்கிறான். இறங்கிப் போய்ப் பேசினால் என்ன? போய், அம்மா, எனக்கு ஒரு பையன் இருக்கிறான், கத்துவான், கெட்டவன் இல்லை, நீங்கள் பயப்படாதீர்கள், ஒரு தரம் பாருங்கள், அவன் உங்களுக்குத் துணி உலர்த்திக் கொடுப்பான், கிளிப்பு மாட்டுவதென்றால் அவனுக்கு உயிர் என்று சொன்னால் என்ன? கதவின் பிடியில் கை வைத்துவிட்டேன். "என்ன மேடம், பாத்ரூமா?" என்றான் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே. "இல்லை சார், புழுக்கமா இருக்கு" என்றேன். "பொறுத்தது பொறுத்தீங்க, இன்னும் முக்கா மணி நேரம். மேல போனதும் நான் பேசறேன், நீங்க தலைய மட்டும் ஆட்டுங்க. பெரியவருக்கு பைபாஸ் ஆனதுலேருந்து சத்தம்னா ஆகாது, முன்ன இருந்த வாடகைக்காரங்க புள்ளைங்க ஓடி ஆடுதுன்னுதான் காலி பண்ண வெச்சாரு. வாயத் தொறக்காதீங்க, போதும்." ரயில் ஊதிக்கொண்டு போனது. அதெல்லாம் ஆகும், பிள்ளைச் சத்தம்தான் ஆகாது.

அப்படியானால் பெரியவர் கேட்பாரே, பையன் இருக்கிறானா என்று கேட்பாரே. இவன் என்ன சொல்லி வைத்திருக்கிறான் என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. கேட்டால் தெரிந்துவிடும், தெரிந்தால் நானும் கூட்டு. தெரியாதவரைக்கும் நான் வெறும் தலையாட்டி, பாவம் கஜேந்திரனோடு. மருந்துக் கவுண்டரில் அப்படித்தான், சீட்டில் டாக்டர் எழுதியிருப்பதைக் கொடுப்பதோடு சரி, எழுதியது தப்பென்றால் என் தலையில் இல்லை. ஆனால் எத்தனை தரம் சீட்டைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன், இந்த வயசுக் குழந்தைக்கு இந்த அளவு கூடாது, போய்க் கேட்டுவிட்டு வா என்று. அப்படித் திருப்பி அனுப்பிய வேதவல்லி எங்கே போனாள்? இன்று அட்வான்ஸ், நாற்பத்தைந்து நாளில் கிரயம். நாற்பத்தைந்து நாள் அவனை இந்தத் தெருப் பக்கம் காட்டக் கூடாது. பத்திரம் பதிந்துவிட்டால் பிறகு என்ன செய்வார்கள், தலைகீழாக நின்றாலும் ஒன்றும் செய்ய முடியாது. பால் காய்ச்சுகிற அன்று அவனைக் கூட்டி வருவேன், கேட்டில் இறங்கியதும் கூவுவான், மேலே ஜன்னல் திறக்கும், பெரியவர் நெஞ்சைப் பிடித்துக்கொள்வார். பிடித்துக்கொள்ளட்டும். ஐயோ, பிடித்துக்கொண்டு உண்மையாகவே ஏதாவது ஆகிவிட்டால்? பிறகு ஆயுசு முழுக்க அதே படிக்கட்டு, அதே தண்ணீர்த் தொட்டி, கோமளா அம்மாள் என்னைப் பார்க்கும்போதெல்லாம் பொய்க்காரி என்று பார்ப்பாள், நான் செத்த பிறகு அவனை அப்படிப் பார்ப்பாள், பொய்க்காரியின் பிள்ளை என்று. அவனுக்கு அது புரியாது. புரியாமலிருப்பது எவ்வளவு நல்லது என்று முதல் தடவையாகத் தோன்றியது, தோன்றியதும் என்மேலேயே எனக்கு வெறுப்பு வந்தது. மூன்று நாளாக அவன் யாரைப் பார்த்தாலும் "எங்க வீடு, எங்க வீடு" என்று சொல்லிக்கொண்டிருக்கிறான், பால்காரனிடம்கூடச் சொல்லிவிட்டான். இது போனால் எட்டாவது புரோக்கர். இன்னொரு தெருமுனை. முடியாது, என்னால் முடியாது.

பன்னிரண்டு அடித்து ஐந்து நிமிடம் கழித்து, கூடுதல் ஜாக்கிரதைக்கு, கஜேந்திரன் இறங்கிச் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான். மாடியில் ஊதுவத்தி வாசனை. பெரியவர் ஒல்லியாக இருந்தார், சாம்பசிவம் என்று கையெழுத்துப் போட்டார், கை நடுங்கியது, அதைப் பார்த்து எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை, வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். நான் காசோலையை எழுதினேன். எல்லாம் பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, இரண்டு வாழைப்பழம், குங்குமத்தை எடுக்கப் போன கோமளா அம்மாள் என் நெற்றியைப் பார்த்துக் கையை இழுத்துக்கொண்டாள், பூவை மட்டும் தாம்பாளத்திலிருந்து தள்ளி வைத்தாள். இப்போதுதான் அவள் என்னோடு மனம்விட்டுப் பேசினாள், சட்டம் முடிந்துவிட்டதல்லவா. "கஜேந்திரன் சொன்னாப்ல. வீட்டுக்காரரும் இல்ல, புள்ளையும் இல்ல, ஒண்டிக்கட்டைன்னு. எனக்கு மனசே கேக்கலம்மா. இவருக்குத்தான் சத்தம் ஆகாது, எனக்கெல்லாம் வீட்ல ஒரு கொழந்த கொட்டம் அடிச்சாத்தான் வீடு. ஒண்ணே ஒண்ணு இருந்திருந்தா உங்களுக்குத் துணையா இருந்திருக்குமே." அவள் கண் கலங்கியிருந்தது, நடிப்பில்லை, எனக்காக உண்மையாகவே கலங்கியிருந்தது. கஜேந்திரன் என்னைப் பார்க்கவில்லை, நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தான். பெரியவர் என்னைப் பார்த்தார். தலையை ஆட்டினால் போதும் என்றுதான் சொல்லியிருந்தான், வாயைத் திறக்கச் சொல்லவே இல்லை. "கொடுத்து வைக்கலைங்க" என்றேன். நன்றாகச் சொன்னேன், குரல்கூடத் தழுதழுத்தது. அந்த அம்மாள் என் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

படி இறங்கும்போது கஜேந்திரன் மெதுவாக, மரியாதையாக, "சூப்பர் மேடம், நானே ஒரு நிமிஷம் ஆடிப்போயிட்டேன், நீங்க எங்க லைனுக்கு வந்திருக்கணும்" என்றான். இந்த ஒன்பது மாதத்தில் ஒரு புரோக்கர் என்னைப் பற்றிச் சொன்ன உண்மை அது ஒன்றுதான். வண்டியைத் திருப்பிக்கொண்டு வருகிறேன் என்று அவன் சாலையைக் கடந்தான், நான் கேட்டருகே, என் வீட்டு கேட்டருகே, தாம்பூலப் பையோடு நின்றேன். போன் அடித்தது. ரெஜினா அக்கா, "என்னாச்சு வேதா, காலையிலேருந்து உயிரை எடுக்கறான், நீயே சொல்லு" என்றாள், அதற்குள் பரிதி போனைப் பிடுங்கிவிட்டான். "ம்மா, வீடு? எங்க வீடு?" என்றான். "ஆமாண்டா கண்ணு" என்றேன். மூச்சு மட்டும் கேட்டது, பிறகு கைதட்டல், பிறகு அந்தக் கூவல், போன் கிழிந்துவிடும் போல, வெளியே கொட்டிச் சுவரில் பட்டு மாடி வரைக்கும் போனது. எந்த ரயிலும் அந்த நேரம் பார்த்து வரவில்லை. போனை வயிற்றோடு சேர்த்து அழுத்தினேன், புடவைக்குள் அழுத்தினேன், வயிற்றுக்குள்ளேயும் அவன் கூவிக்கொண்டிருந்தான். விரல் பொத்தானைத் தேடியது, கிடைத்தது, கூவல் நின்றது. மேலே ஜன்னல் திறந்தது, கோமளா அம்மாள் எட்டிப் பார்த்தாள், "என்னம்மா சத்தம், யாரு போன்ல?" என்றாள்.

"யாரோ தெரியலைங்க, ராங் நம்பர்" என்றேன்.